குளிர்காலச் சோர்வோடு அல்ட்ரா பயிற்சி: புதிதாக வருபவர்களுக்கு

42.195 கி.மீ. மாரத்தானைத் தாண்டிய எந்தத் தூரமும் அல்ட்ராதான். 50 கி.மீ., 100 கி.மீ., 160 கி.மீ. என்று அது நீளும். பேர்போன மலைப்பாதை ஓட்டங்களில் பல கோடையில் நடக்கின்றன. கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஜூன் கடைசியில், மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யுடிஎம்பி ஆகஸ்ட் கடைசியில். அங்கிருந்து ஆறேழு மாதம் பின்னோக்கி எண்ணினால், பயிற்சிக்கு அடித்தளம் போட வேண்டிய காலம் நடுக் குளிரில் வந்து நிற்கும். வேலைக்குப் போகிறவருக்கு அந்த மாதங்களில் கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. எழுந்திருக்க மனம் வராது. எழுந்து ஓடினாலும் கால் கனக்கும்.

இந்த நேரத்தில் புதியவர்களுக்கு இரண்டு விதமான அறிவுரை கிடைக்கும். சாக்குச் சொல்லாமல் ஓடு என்பார்கள் சிலர். விட்டுவிடு, குளிர் போனதும் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை, ஏனென்றால் இரண்டுமே குளிர்காலச் சோர்வை ஒரே சரக்காக எடுத்துக்கொள்கின்றன. அதில் குறைந்தது மூன்று வகை உண்டு. ஒன்றைத் தீர்க்கும் வழி இன்னொன்றை மோசமாக்கும். அதனால் அட்டவணை போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, வந்திருப்பது எந்தச் சோர்வு என்று பிரித்தறிவது.

முதலில், எந்தச் சோர்வு?

முதல் வகை வெளிச்சம் போதாததால் வருவது. காலையில் கண் திறக்காது, பகலெல்லாம் மந்தமாக இருக்கும், இனிப்பும் மாவுப்பண்டமும் கேட்கும், எதிலும் ஆர்வம் குறையும். ஆனால் எப்படியோ வெளியே போய் ஓட ஆரம்பித்துவிட்டால் கால் மணி நேரத்தில் உடம்பு இளகி, திரும்பும்போது போனதைவிடத் தெம்பாக இருப்பீர்கள்.

இரண்டாவது வகை சுமையால் வருவது. உடம்பு ஆறுவதற்குக் கிடைப்பதைவிட அதிகமாக ஓடுகிறீர்கள், அல்லது ஓடுவதற்கு ஏற்றபடி சாப்பிடவில்லை, தூங்கவில்லை. இதில் கால் மணி நேரம் ஓடினாலும் எதுவும் இளகாது. வழக்கமான மெதுவான வேகத்திலேயே மூச்சு வாங்கும். தூக்கம் வரும், ஆனால் நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடும். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வரும்.

மூன்றாவது வகை நோயாலோ குறைபாட்டாலோ வருவது. சளி, காய்ச்சல், இரும்புச்சத்துக் குறைவு, வைட்டமின் டி குறைவு, தைராய்டு, மனச்சோர்வு. சளி, காய்ச்சல் தவிர மற்றவை வாரக்கணக்கில் நீடிக்கும், ஓய்வெடுத்தாலும் போகாது.

பிரித்தறிய இரண்டு எளிய கருவிகள் போதும். ஒன்று, கால் மணி நேர ஒப்பந்தம். உடை மாற்றி, வெளியே போய், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 15 நிமிடம் ஓடுவேன் என்று மட்டும் உங்களுக்கு நீங்களே வாக்குக் கொடுங்கள். அதற்குள் உடம்பு இளகினால் முதல் வகை, தொடருங்கள். இளகாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். திரும்பி வருவது தோல்வி இல்லை, ஒப்பந்தத்தின் மறுபாதி. இந்தப் பாதியை மதிக்காதவர்களுக்கு முதல் பாதியும் சீக்கிரம் வேலை செய்யாமல் போய்விடும், ஏனென்றால் 15 நிமிடம் என்ற வாக்கை மனம் நம்பாது.

இன்னொன்று காலை நாடித்துடிப்பு. எழுந்ததும், படுக்கையிலேயே, காபி டீ எதுவும் குடிக்காமல் ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். கைக்கடிகாரம் எண்ணினாலும் சரிதான். இரண்டு வாரத்தில் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். அதைவிட 7 முதல் 10 துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் இரண்டாவது அல்லது மூன்றாவது வகை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நாள் கூடியதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், முந்தைய இரவு சரியாகத் தூங்காததே காரணமாக இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில், எப்படித் தூங்கினேன், ஓட ஆசை இருக்கிறதா என்று ஒரு வரியும் எழுதுங்கள். எண்ணைவிட அந்த வரிதான் பெரும்பாலும் முதலில் மாறும்.

வெளிச்சத்தைத் தேடிப் போங்கள்

உடம்பின் கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்வது கண்ணில் படும் காலை வெளிச்சம். அது தாமதமானால் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் அடங்குவதும் தாமதமாகிறது, ராத்திரி தூக்கம் வருவதும் தள்ளிப்போகிறது. வீட்டு விளக்கு நமக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் அது சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகம் மூடிய குளிர்காலப் பகலில்கூட வெளியே ஆயிரம் லக்ஸுக்கு மேல், பல நேரம் பல ஆயிரம் இருக்கும். அதனால் வாரநாளில் ஓட்டத்தை மதிய இடைவேளைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றாலும் பரவாயில்லை. விடிவதற்கு முன் இருட்டில் ஓடும் ஒரு மணி நேரத்தைவிட, நண்பகலில் ஓடும் அரை மணி நேரம் இந்த வகைச் சோர்வுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. மதியம் ஓட முடியாதவர்கள் 20 நிமிடம் வெளியே நடந்தாவது வரலாம்.

வெளியே போகவே வழியில்லாதவர்களுக்கு 10,000 லக்ஸ் தரும் சிகிச்சை விளக்குகள் உண்டு. நார்மன் ரோசந்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் பருவகால மனச்சோர்வை 1984-இல் விவரித்தபோதே பிரகாசமான வெளிச்சத்தைச் சிகிச்சையாகவும் முன்வைத்தார்கள். காலையில் எழுந்ததும் 20 முதல் 30 நிமிடம், விளக்கை நேராக முறைத்துப் பார்க்காமல், அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடலாம், படிக்கலாம். கண் நோயோ இருமுனைக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. சாயங்காலத்தில் இதைப் பயன்படுத்தினால் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும்.

எதைக் குறைப்பது, எதை விடாமல் பிடிப்பது

புதியவர்களுக்கு இருக்கும் பெரிய பயம், குளிர்காலத்தில் குறைத்தால் சேர்த்ததெல்லாம் போய்விடும் என்பது. 1980-களின் முதல் பாதியில் ராபர்ட் ஹிக்சன் குழு செய்த சோதனைகளை இவர்களுக்குச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 6 நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை 4 நாளுக்கும் 2 நாளுக்கும் குறைத்துப் பார்த்தார்கள். தீவிரம் மாறாதவரை, அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாடு 15 வாரம் ஆகியும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. நாள்களின் எண்ணிக்கையை மாற்றாமல் ஒவ்வொரு நாளும் ஓடும் நேரத்தைக் குறைத்துப் பார்த்தபோதும் அது தாங்கியது. தீவிரத்தைக் குறைத்தபோதுதான் இறங்கியது. அவர்கள் அல்ட்ரா ஓட்டக்காரர்கள் இல்லை, மணிக்கணக்கில் மலை ஏறுவதற்கான தாங்குதிறனுக்கு நீண்ட நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். ஆனாலும் எஞ்சினைப் பாதுகாப்பதற்கு நாம் நினைப்பதைவிடக் குறைவான வேலை போதும் என்பது இதில் தெளிவு.

இதைச் சோர்வின் வகையோடு சேர்த்துப் பாருங்கள். வெளிச்சச் சோர்வு என்றால் நாள்களின் எண்ணிக்கையை விடாதீர்கள், நிமிடங்களைக் குறையுங்கள். 60 நிமிடத்துக்குப் பதில் 30 நிமிடம், ஆனால் வெளியே போவது நிற்கக் கூடாது. வாரத்தில் ஒரு கடினமான பயிற்சியும் இருக்கட்டும், அது மந்தத்தை உடைக்கும். சுமைச் சோர்வு என்றால் நேர்மாறு. முதலில் வெட்ட வேண்டியது அந்தக் கடினமான பயிற்சியைத்தான். ஒரு வாரம் முழுக்க மெதுவான ஓட்டமும் நடையும் மட்டும், மொத்த நேரம் பாதியாக. நாடித்துடிப்பு பழைய எண்ணுக்கு வந்து, ஓட வேண்டும் என்ற ஆசையும் தானாகத் திரும்பிய பிறகுதான் மீண்டும் ஏற்ற வேண்டும். நோய்ச் சோர்வு என்றால் எதையும் சரிசெய்துகொண்டிருக்க வேண்டாம், நிறுத்துங்கள். லேசான சளிக்கு மட்டும் விலக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கோடையில் முதல் 50 கி.மீ. ஓட நினைக்கும் ஒருவருக்குக் குளிர்காலத்தில் வாரத்துக்கு ஐந்து ஆறு மணி நேரம் தாராளம். திங்கள் ஓய்வு. செவ்வாய் 40 நிமிடம் மெதுவாக. புதன் அரை மணி நேர வலுப் பயிற்சி. வியாழன் மேட்டுப் பயிற்சி: நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, 3 நிமிடம் ஏறுவதை ஐந்து முறை, நடுவில் மெதுவாக இறங்கிவந்து. வெள்ளி மறுபடி வலுப் பயிற்சி, லேசான எடையில், அல்லது ஒன்றும் வேண்டாம். சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் லாங் ரன், அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டம். ஞாயிறு ஒரு மணி நேரம் ஓட்டமும் நடையுமாக. மூன்று வாரம் இப்படிப் போனால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். சோர்வு வந்த பிறகு குறைப்பதைவிட, வருவதற்கு முன்பே குறைப்பது நல்லது. நன்றாக இருக்கிறதே, எதற்குக் குறைக்க வேண்டும் என்று தோன்றும் வாரத்திலும் குறையுங்கள்.

லாங் ரன்னைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். சேற்றிலும் பனியிலும் அதே உழைப்புக்குப் பாதித் தூரம்தான் போக முடியும், கோடைக்கால வேகத்தோடு ஒப்பிட்டு மனம் உடைவதுதான் மிச்சம். இரண்டரை மணி நேரம் என்று நேரத்தை வைத்துக்கொண்டு, முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு மட்டும் உழையுங்கள். மேட்டில் நடங்கள். அல்ட்ராவில் முன்னணி ஓட்டக்காரர்களே செங்குத்தான ஏற்றங்களில் நடக்கிறார்கள், அதனால் வேகமாக மேடேறி நடப்பதும் ஒரு பயிற்சிதான்.

பாதை உறைந்து வழுக்கும் நாளில் ட்ரெட்மில்லுக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை. 10 சதவீதச் சாய்வில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 600 மீட்டர் ஏறிய கணக்கு. பல ஊர்களின் குன்றுகளில் அவ்வளவு ஏற்றம் கிடைக்காது. இறக்கப் பயிற்சியை மட்டும் அதில் பெற முடியாது.

வலுப் பயிற்சிக்குக் குளிர்காலத்தைவிட நல்ல காலம் இல்லை. ஒற்றைக்கால் ஸ்குவாட் (ஒரு காலில் உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), கெண்டைக்காலை உயர்த்தி இறக்குவது, படியிலிருந்து ஒரு காலால் மெதுவாக இறங்குவது, இந்த நான்கு போதும். கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டுங்கள். லாங் ரன்னுக்கு முந்தைய நாள் கனமான எடை தூக்க வேண்டாம்.

சாப்பாடும் தண்ணீரும்

சுமைச் சோர்வு என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையான பிரச்சினை ஓட்டத்தில் இல்லை, தட்டில் இருக்கிறது. குளிர்காலத்தில் எடை கூடிவிடும் என்று பயந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே பயிற்சியைக் கூட்டுகிறார்கள். செலவழிக்கும் ஆற்றலுக்குப் போதுமான உணவு வராவிட்டால் உடம்பு எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு என்று ஒவ்வொன்றாகக் கைவிடும். விளையாட்டில் ஏற்படும் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் தனிப் பெயரே வைத்தது. மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நிற்பது, அடிக்கடி சளி பிடிப்பது, எலும்பில் நுண்முறிவு, காமத்தில் ஆர்வம் குறைவது, மற்றவர்களுக்குக் குளிராதபோதும் எப்போதும் குளிர்வது, இவையெல்லாம் அதன் அறிகுறிகள். ஆண்களுக்கும் இது வரும். தயவுசெய்து குளிர்காலத்தில் உணவைக் குறைத்து அல்ட்ராவுக்குத் தயாராகாதீர்கள்.

நடைமுறையில்: காலையில் எழுந்ததும் ஓடுகிறவர்கள் கொஞ்சமாவது மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் முழுச் சாப்பாடு.

குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் மட்டும் அதிகமாகப் போகும். வறண்ட காற்றை மூச்சில் ஈரமாக்குவதிலும் தண்ணீர் செலவாகிறது. அதனால் தாகத்துக்குக் காத்திராமல் அவ்வப்போது ஒரு மடக்குக் குடியுங்கள். கடுங்குளிரில் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் பனிக்கட்டி அடிப்பக்கம் கட்டும், வாய் அடைக்காது. முதுகுப் பையில் குழாய் வைத்துக் குடிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் குழாயில் நிற்கும் தண்ணீரை ஊதி உள்ளே தள்ளிவிடுங்கள்.

இருட்டிலும் குளிரிலும் பாதை

உடலோடு ஒட்டிய முதல் உடை மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ இருக்கட்டும், பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரச் செய்யும். அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் ஒரு மேலாடை, கையுறை, தொப்பி. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் நனைந்துவிடுவீர்கள். குளிர்காற்று மூச்சுக்குழாயை இறுக்கி இருமல் வந்தால், கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடிப் பாருங்கள். மூச்சிரைப்பு தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஹெட்லேம்ப் பேட்டரி குளிரில் சீக்கிரம் தீரும், மாற்று பேட்டரியை உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். போனுக்கும் இதே விதி. தலையில் கட்டிய விளக்கில் கல்லும் வேரும் தட்டையாகத் தெரியும். இடுப்பிலும் ஒரு விளக்கு இருந்தால் நிழல் விழுந்து மேடுபள்ளம் புரியும்.

மலைப்பாதைக்குத் தனியாகப் போனால் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பையில் உலர்ந்த மேலாடை ஒன்று, வெப்பம் காக்கும் படலப் போர்வை, விசில். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதுவது மலைகளில் பரவலாக அறியப்பட்ட உதவிக் குரல். ஓடும்போது உடம்பு சூடாக இருக்கும். கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டால் சில நிமிடங்களில் நிலைமை மாறிவிடும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஆபத்து. நடுக்கம், வாய் குழறல், கால் தடுமாற்றம், ஜிப்பைக்கூட இழுக்க முடியாத விரல்கள், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சி அன்றைக்கு முடிந்தது. உடனே உலர்ந்த உடை, காற்றில்லாத இடம், சூடான இனிப்புப் பானம். குழறலும் தடுமாற்றமும் வந்துவிட்டால் அவசர உதவியை அழைப்பதில் தாமதம் கூடாது.

பிரிட்டனின் பென்னைன் மலைத்தொடரில் ஜனவரியில் நடக்கும் ஸ்பைன் ரேஸ் சுமார் 430 கி.மீ. அந்தப் பகுதியில் அப்போது ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணி நேரம் இருட்டு. 2019-இல் ஜாஸ்மின் பாரிஸ் என்ற கால்நடை மருத்துவர், கைக்குழந்தைக்குத் தாய், 83 மணி 12 நிமிடத்தில் ஆண்களையும் முந்தி முதலாவதாக வந்தார். வழியில் நின்று குழந்தைக்காகத் தாய்ப்பாலை எடுத்து வைத்துக்கொண்டே போனார். வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் இருட்டுக் காலத்திலும் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அது பல வருட மலை அனுபவத்தின் மேல் நின்ற சாதனை. முதல் குளிர்காலத்தில் யாரும் ராத்திரி முழுக்க ஓடிப் பார்க்க வேண்டியதில்லை.

உடம்பு சரியில்லாதபோது

மூக்கு ஒழுகல், லேசான தொண்டைக் கரகரப்பு என்று கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால் மெதுவாக அரை மணி நேரம் ஓடலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடல்வலி, வயிற்றுப்போக்கு என்றால் ஓடவே கூடாது. வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக உழைத்தால் இதயத் தசை அழற்சி ஆபத்தாக முடியலாம். இந்த ஒரு விஷயத்தில் பேரம் பேசாதீர்கள். காய்ச்சல் விட்ட பிறகும் சில நாள் நடந்து பார்த்துவிட்டு ஓடுங்கள். நெஞ்சுவலியோ படபடப்போ மயக்கமோ வந்தால் நேராக மருத்துவரிடம்.

இரண்டு வாரம் நன்றாக ஓய்வெடுத்தும் சோர்வு போகவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து நிறுத்தாமல், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் இறங்கியிருக்கலாம், குறிப்பாகப் பெண்களுக்கும் இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை போடாதீர்கள், அதிகமானால் அதுவும் கெடுதல். எதிலும் மகிழ்ச்சி இல்லை, வாழ்க்கையே பாரமாக இருக்கிறது என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், ஓட்டம் அதைச் சரிசெய்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் பேசுங்கள்.

பகல் நீளும்போது

வெளிச்சம் திரும்பியதும் ஆசையும் திரும்பும். அடிபடுவது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான், ஏனென்றால் மூச்சு தயாராக இருக்கும், தசைநாணும் எலும்பும் இன்னும் தயாராகியிருக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் லாங் ரன்னின் நேரத்தை. அப்புறம் ஏற்றத்தை. வேகம் கடைசியில். மூன்றையும் ஒரே வாரத்தில் தொடாதீர்கள்.

இறக்கத்துக்கென்று தனியாக நாள் ஒதுக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கச் சேற்றிலும் ட்ரெட்மில்லிலும் பழகிய தொடைக்கு நீண்ட இறக்கம் புதிது. முதல் முறை மிதமான சரிவில் மொத்தம் 200, 300 மீட்டர் இறங்கினால் போதும், குட்டி அடியாக வைத்து, பின்னால் சாயாமல். அடுத்த இரண்டு மூன்று நாள் தொடை வலிக்கும், படியில் இறங்கும்போது நன்றாகத் தெரியும். வலி முழுதாகப் போன பிறகு, பத்து நாள் இடைவெளிக்குள் அதே சரிவில் மறுபடி இறங்குங்கள். ஒருமுறை பட்ட தசை தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்வதால் இரண்டாவது முறை வலி வெகுவாகக் குறைந்திருக்கும். அதற்குப் பிறகு இறக்கத்தின் அளவைக் கூட்டலாம்.